வீட்டுல சாராயம் காய்ச்ச அனுமதி கேட்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு தடவை கள்ளச்சாராயச் சாவு நடக்குறப்பவும் ஒரு வாரத்துக்கு ஒரே பேச்சா இருக்கும். ஒருத்தர் எல்லாத்தையும் இழுத்து மூடுங்கம்பார், இன்னொருத்தர் எங்க தாத்தா காலத்துல ஊரே பட்டை காய்ச்சிக் குடிச்சுது யாரு செத்தாம்பார், அப்புறம் எல்லாரும் மறந்துடுவாங்க. நான் ரெண்டாவது ஆளு பக்கம்தான். பாரம்பரியமா காய்ச்சிக் குடிக்கிற குடும்பங்களுக்கு, சொந்த உபயோகத்துக்கு, அளவு போட்டு, அனுமதி கொடுக்கணும்னு உறுதியா நினைக்கிறேன். ஆனா நம்ம பக்கம் பேசுறவங்க நிறைய தப்பாப் பேசுறாங்க, அதனாலேயே எதிர்ல இருக்கிறவங்க ரெண்டு கேள்வியில மடக்கிடுறாங்க. அதான் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல கள்ளையும் சாராயத்தையும் குழப்பிக்கிறது. கள்ளு இறக்குறது, அது தானா புளிக்கும், அவ்வளவுதான். சாராயம் வேற. ஊறல் போட்டு புளிக்கவச்சு அதை அடுப்புல ஏத்தி ஆவியாக்கி குளிரவச்சு சொட்டுச் சொட்டா பிடிக்கணும், நம்ம சித்த மருத்துவத்துல வாலையில வடிக்கிறதுன்னு சொல்வாங்களே அதே வேலைதான். புளிச்சதுல ஆல்கஹால் ஒரு அளவுக்கு மேல ஏறாது, வடிச்சா பல மடங்கு ஏறும். அதனால பல இடத்துல சட்டம் ரெண்டையும் வேற வேறயாத்தான் பார்க்குது. பக்கத்துல கேரளாவுலயே கள்ளுக்கடை சட்டப்படி ஓடுது, ஆனா சாராயத்தை 1996 ஏப்ரல்ல தடை பண்ணிட்டாங்க. அமெரிக்காவுல வீட்டுல பீர் காய்ச்சிக்கலாம்னு 1978ல சட்டம் வந்துச்சு, அதே வீட்டுல வடிக்கிற பானை வச்சா 5 வருஷம் வரை ஜெயில்னு இன்னொரு சட்டம். கேரளாவுல கள்ளு இருக்கே, அப்ப சாராயத்துக்கும் கொடுன்னு கேட்டா அந்த வாதம் ஒரு நிமிஷம்கூட நிக்காது.

அடுத்தது மெத்தனால். இதைத்தான் நான் நீளமாச் சொல்லணும், ஏன்னா ரெண்டு பக்கமும் இதுல தப்பு பண்றாங்க.

எதிர்ப்பக்கம் சொல்றது, வீட்டுல காய்ச்சுனா விஷமாயிடும் கண்ணு போயிடும்னு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60 பேருக்கு மேல செத்தாங்க, அதுக்கு முந்தின வருஷம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் 20 பேருக்கு மேல. இது ரெண்டுமே யாரோ வீட்டுப் பானையில ஊறல் போட்டு காய்ச்சுனதால வந்த சாவு இல்ல. தொழிற்சாலைக்குப் போற மெத்தனாலை எடுத்து தண்ணி கலந்து சாராயம்னு வித்தது. பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும், நாக்குலயும் மூக்குலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. கொளுத்திப் பார்த்தா நீலமா எரியும் அப்ப நல்ல சரக்குன்னு சொல்றதெல்லாம் நம்பவே நம்பாதீங்க. வெல்லத்துலயோ தானியத்துலயோ ஊறல் போட்டா மெத்தனால் ஏறக்குறைய வர்றதே இல்ல, பழத்துல போட்டா தோல்லயும் சதையிலயும் இருக்கிற பெக்டின்ங்கிற பசை மாதிரி பொருள் உடைஞ்சு கொஞ்சம் வரும். ஊரையே சுடுகாட்டுக்கு அனுப்புற அளவு அதுல வராது, அது கேன்லதான் வரும்.

இப்ப நம்ம பக்கத்துத் தப்பு. முதல்ல சொட்டுறதைக் கீழ ஊத்திட்டா மெத்தனால் போயிடும், மிச்சம் சுத்தம்னு பெரிய நிபுணர் மாதிரி எழுதுறாங்க. மெத்தனால் 64.7 டிகிரியில கொதிக்கும், எத்தனால் 78 சொச்சத்துல, அதனால அது முதல்ல வந்துடும்னு கணக்கு. தனித்தனியா கொதிக்கவச்சா சரி. ஒரே பானையில தண்ணியோட கலந்து கிடக்குறப்ப அப்படி வரிசையா வராது, மெத்தனால் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கூடவே வந்துக்கிட்டிருக்கும். முதல்ல வர்றதை ஒதுக்குறது நல்லதுதான், காட்டமான நாத்தம் பிடிச்ச சங்கதியெல்லாம் அதுலதான் அதிகம், ஆனா யாராவது மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டை வாங்கி அதைத் திரும்ப வடிச்சா சுத்தமாயிடும்னு நினைச்சா அவன் செத்தான். இந்த ஒரு தப்பான வரியை நெட்டுல பரப்புறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க.

இதோட ஒண்ணு சொல்லிடுறேன். மெத்தனால் குடிச்சவனுக்கு உடனே தெரியாது, பாதி நாள் கழிச்சு, சில சமயம் ஒரு நாள் கழிச்சுத்தான் கண்ணு மங்கும், வயிறு வலிக்கும், வாந்தி, மூச்சு வாங்கும். ராத்திரி போதை இறங்கலைன்னு படுக்கப் போட்டுடுவாங்க. உள்ள அது ஃபார்மிக் அமிலமா மாறி கண்ணு நரம்பைத் தின்னுக்கிட்டிருக்கும். பார்வை மங்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு, டயாலிசிஸ் இருக்கிற இடத்துக்கு ஓடணும், மோர் கொடுத்து பார்க்கலாம்னு உக்காரக்கூடாது. போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து வீட்டுலயே வச்சுக்கிட்ட குடும்பங்கள்தான் அதிகம் இழக்குது. காய்ச்சுறது குடிக்கிறது எல்லாத்தையும் குற்றம்னு வச்சா உண்மையைச் சொல்லவே ஜனங்க பயப்படுவாங்க, நான் அனுமதி வேணும்னு சொல்றதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மூணாவது, பாரம்பரியம்னா உடம்புக்கு நல்லதுன்னு அளக்குறது. வேலம்பட்டை போட்டது, கடுக்காய் போட்டது, மருந்து மாதிரின்னு. ஆல்கஹால் ஆல்கஹால்தான், புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான பொருட்களோட பட்டியல்ல உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு எப்பவோ சேர்த்தாச்சு. அனுமதி கேட்கிறதுக்கு இது மருந்தா இருக்கணும்னு அவசியமே இல்ல. ஒரு ஜனத்தோட சாமிக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் வேண்டிய ஒண்ணை அவங்க கையிலேர்ந்து பிடுங்கி கான்ட்ராக்டர் கையில கொடுத்தது நியாயமாங்கிறதுதான் கேள்வி.

அந்தப் பிடுங்குன கதை தெரியாமப் பேசுறது அடுத்த பெரிய தப்பு. இலுப்பையை எடுத்துக்குங்க. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரைன்னு நாம சொல்றது சும்மா இல்ல, அந்தப் பூவுல அவ்வளவு சர்க்கரை. எங்க ஊர் கோயில் பின்னாடி நாலஞ்சு இலுப்பை மரம் இருந்துச்சு, விடியக்காலையில பூ கொட்டிக் கிடக்கும், கால் வச்சா பிசுபிசுன்னு ஒட்டும், நாங்க பொறுக்கி வாயில போட்டுக்குவோம். நமக்கு இலுப்பைன்னா விளக்கு ஏத்துற எண்ணெய்தான் ஞாபகம் வரும். மத்திய இந்தியாவுல அதே இனத்து மரம் மஹுவா, அங்க கோண்டு, பீல், சந்தால் பழங்குடி ஜனங்களுக்கு அந்தப் பூ சோறு, மாட்டுத்தீனி, சந்தையில காசு, அப்புறம் சாராயம். மார்ச் ஏப்ரல்ல பொறுக்கி காயவச்சு வருஷம் பூரா வச்சுக்குவாங்க, பானையில ஊறப்போட்டு, மேல இன்னொரு பானையில பச்சத்தண்ணி வச்சு குளிரவச்சு வடிப்பாங்க. குழந்தை பிறந்தாலும் செத்தவங்களுக்கு படைச்சாலும் அது இல்லாம ஆகாது.

வெள்ளைக்காரன் அப்காரி வரி, அதாவது சாராயத்து மேல போடுற வரி வசூலுக்கு பம்பாய் மாகாணத்துல 1878ல ஒரு சட்டம் போட்டான், காய்ச்சுறதெல்லாம் லைசென்ஸ் எடுத்தவன் கைக்குப் போச்சு. அதுவும் பத்தாம 1892ல மஹுவா பூ மேலயே ஒரு சட்டம். யோசிச்சுப் பாருங்க, காட்டுல விழுற பூவைப் பொறுக்கி வச்சுக்கிறதுக்கு கட்டுப்பாடு. குடியைக் குறைக்கணும்னு இல்ல, கடையில வாங்கிக் குடிக்கட்டும்னு. சுதந்திரம் வந்தப்புறம் நம்ம மாநிலங்க அந்த ஏற்பாட்டோட எலும்பை அப்படியே வச்சுக்கிட்டு பெயரை மட்டும் மாத்துனாங்க.

ஆனா இதைச் சொல்லிட்டு ஆதிவாசிகள் எல்லாருக்கும் குடி வேணும்னு முடிச்சுடாதீங்க, அதுவும் தப்பு. 1922ல தெற்கு குஜராத்துல சலாபாய்ங்கிற தேவி சொன்னதா ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் தாங்களாவே சாராயத்தையும் கள்ளையும் விட்டாங்க, சாராயக் கடை வச்சிருந்த பார்சி முதலாளிகளையும் ஒதுக்கிவச்சாங்க. எழுபது வருஷம் கழிச்சு ஆந்திராவுல நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவுல பொம்பளைங்க சாராயக் கடையை மூடவச்சு, அது மாநிலம் பூரா பரவி 1993ல அரசாங்கம் சாராயத்தைத் தடை பண்ணுச்சு. அந்தப் பொம்பளைங்க எதிர்த்தது வீட்டுல திருவிழாவுக்கு வடிக்கிற பானையை இல்ல, ஏலம் எடுத்தவன் ஊருக்குள்ள கொண்டு வந்து பாக்கெட்டுல வித்ததை, கூலி வீட்டுக்கு வராம அங்கேயே போனதை. அனுமதி கேட்கிற கூட்டத்துல அந்தப் பொம்பளைங்களுக்கு இடம் இல்லைன்னா அந்தக் கோரிக்கையை நானே ஆதரிக்க மாட்டேன். எந்த கிராமத்துல அனுமதிக்கணும் எவ்வளவு அனுமதிக்கணும்னு கிராமசபையில அவங்களும் கை தூக்கணும்.

அப்புறம் சட்டமாக்கிட்டா எல்லாம் சரியாயிடும்ங்கிற நம்பிக்கை. கென்யாவைப் பாருங்க. சாங்காங்கிற நாட்டுச் சாராயத்தை 1980ல தனிச் சட்டம் போட்டு தடை பண்ணியிருந்தாங்க, 2010ல புதுச் சட்டம் வந்து அந்தத் தடை நீங்குச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா விக்கணும்னா லைசென்ஸ் எடு, கண்ணாடி பாட்டில்ல அடை, 250 மில்லிக்குக் குறையாம அடைன்னு விதி. சேரியில டின்னுல காய்ச்சி கிளாஸ்ல வித்துப் பிழைக்கிற பொம்பளை பாட்டில் ஆலைக்கு எங்க போவா? அவ பழையபடி திருட்டுத்தனமாவே காய்ச்ச வேண்டியதாச்சு, போலீசுக்கு பழையபடி மாமூல், 2014ல மெத்தனால் கலந்த சரக்கு குடிச்சு நிறைய பேர் செத்தாங்க. சட்டம் இருந்துச்சு, ஆனா காய்ச்சுறவங்களால கடைப்பிடிக்க முடியாத சட்டமா இருந்துச்சு. நம்மூர்ல அனுமதி வந்தாலும் இதே ஆபத்துதான், ஃபார்ம் எத்தனை பக்கம், கட்டணம் எவ்வளவு, எந்த ஆபீசுக்கு அலையணும்ங்கிறதுலயே விஷயம் செத்துடும்.

எதிர் உதாரணம் நியூசிலாந்து. 1996லேர்ந்து சொந்த உபயோகத்துக்கு வீட்டுல வடிச்சுக்கலாம், லைசென்ஸ் வேண்டாம், வித்தா மட்டும் வேணும். விதி ஒரே வரியில முடியுது. ஹங்கேரி இன்னொரு மாதிரி, அங்க பழத்துல வடிக்கிற பாலிங்காவை வீட்டுல வருஷத்துக்கு 50 லிட்டர் வரை வரியில்லாம வடிச்சுக்கலாம்னு 2010ல விட்டாங்க, அது ஐரோப்பிய வரி விதிக்கு ஒத்துவரலைன்னு 2014ல ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. அங்கயும் சண்டை வரியிலதான், விஷத்துல இல்ல.

நியூசிலாந்துல முடிஞ்சா இங்க ஏன் முடியாதுன்னு கேட்கிறவங்களுக்கு ஒண்ணு, அங்க தொழிற்சாலை மெத்தனால் தெருவுல சாராயமா விக்கிறது இல்ல. இங்க அந்தக் குழாயை அடைக்காம வீட்டுப் பானைக்கு மட்டும் அனுமதி கொடுத்தா, அடுத்த சாவு வர்ற அன்னிக்கு பழி பானை மேல விழும். தமிழ்நாட்டுல மெத்தனாலுக்கு லைசென்ஸ் விதி 1959லேர்ந்தே இருக்கு. எந்த கம்பெனி எத்தனை லிட்டர் வாங்குச்சு எங்க போச்சுன்னு கணக்கு பார்க்கச் சொல்லிக் கேட்கிறது நம்ம கோரிக்கையோட முதல் வரியா இருக்கணும்.

பாத்திரத்தையும் யாரும் பேசுறதில்ல. அமெரிக்காவுல திருட்டுச் சாராயம் காய்ச்சுனவங்க பழைய கார் ரேடியேட்டரை குளிர்விக்க வச்சு அதுல இருக்கிற ஈயம் இறங்கி குடிச்சவங்களுக்கு ஈய விஷம் ஏறுச்சு. அந்தக் காலத்துல மண்பானையும் செம்பும் வச்சது சும்மா இல்ல. மூடுன அறையில ஆவி சேர்ந்தா தீப்பிடிச்சு வெடிக்கும், அது தனி.

இந்தியாவுல எதுவுமே இல்லைன்னு பேசுறதும் தப்பு. சத்தீஸ்கர்ல பழங்குடி ஜனங்க சொந்தத்துக்கு 5 லிட்டர் வரை மஹுவா வச்சுக்கலாம். கோவாவுல முந்திரிப் பழத்துல வடிக்கிற ஃபெனிக்கு 2009ல புவிசார் குறியீடு கிடைச்சுது, 2016ல பாரம்பரிய பானம்னு சட்டத்துலயே சேர்த்தாங்க, சீசன்ல ஊர்ல இருக்கிற பட்டிகள்ல, அதாவது காய்ச்சுற கொட்டகைகள்ல காய்ச்சுறாங்க. மத்தியப் பிரதேசத்துல 2022க்கு அப்புறம் அலிராஜ்பூர், திண்டோரி பக்கம் ஆதிவாசி சுயஉதவிக் குழுக்களே மஹுவாவை பாட்டில் போட்டு விக்கிற திட்டம் வந்துச்சு. குழுவுல இல்லாத பாட்டிக்கு அதுல என்ன லாபம்னு கேட்கணும்தான், ஆனாலும் கான்ட்ராக்டர் கையிலேர்ந்து ஒரு அடி நகர்ந்திருக்கு.

இதையெல்லாம் படிச்சுட்டு யாரும் இங்க தமிழ்நாட்டுல குக்கரை எடுத்து அடுப்புல வச்சுடாதீங்க. இங்க 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு, கள்ளக்குறிச்சிக்கு அப்புறம் 2024ல திருத்தி தண்டனையை ஆயுள் வரைக்கும் ஏத்தியிருக்காங்க. கல்வராயன் மலையில ஊறல் அழிச்சோம்னு வாரம் ஒரு செய்தி வருது, பிடிபடுறது பெரும்பாலும் அந்த மலை ஜனங்கதான்.

கடைசியா ஒரு நடைமுறைத் தப்பு, டெல்லிக்கு மனு போடுறது. மது அரசியலமைப்புல மாநிலப் பட்டியல்ல 8வது பதிவு, தயாரிக்கிறது வச்சிருக்கிறது விக்கிறது எல்லாம் மாநிலத்தோடது. அதனால உங்க எம்எல்ஏகிட்ட போங்க. மனுவுல கலாச்சாரம் பண்பாடுன்னு ரெண்டு பக்கம் எழுதாம, எந்த ஜனங்களுக்கு, வீட்டுக்கு எத்தனை லிட்டர், எந்தப் பூவுல எந்தப் பழத்துல, வித்தா என்ன தண்டனை, கிராமசபை எப்படி மறுக்கலாம், மெத்தனால் கணக்கை யார் பார்க்கிறது, இந்த ஆறையும் ஒரே பக்கத்துல எழுதிக் கொண்டு போங்க. முதல் கேள்வியே கள்ளக்குறிச்சியைப் பத்தித்தான் இருக்கும், மெத்தனால் பதிலைக் கையில வச்சுக்கிட்டே போங்க.