ஹோ காட்டில் அடைத்துக்கொண்ட வடிகட்டி

வாஷிங்டன் மாநிலத்தின் ஹோ மழைக்காட்டில் முதுகுப்பையோடு தனியாக ஓர் இரவு தங்கப் போகிறவர்களுக்கு இது உதவும். என் நீர் வடிகட்டி அங்கே திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. வீட்டில் நன்றாக ஓடும். ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு மாலையில் நீர் மொண்டால், ஒரு லிட்டர் இறங்குவதற்குள் சொட்டுச் சொட்டாகிவிடும்.

வினிகரில் ஊறவைத்தேன். அது உப்புப் படிவத்தைத்தான் கரைக்கும், இதற்குப் பயனில்லை. புதிது வாங்கினேன், அதுவும் அப்படியே. பின்பக்கமாக நீரைச் செலுத்திக் கழுவினால் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் பழைய கதைதான்.

விடை ஆற்றின் நிறத்தில் இருந்தது. ஒலிம்பஸ் மலையின் பனியாறுகள் பாறையை மாவாக அரைத்து ஹோ ஆற்றில் கலக்கின்றன. வெயில் ஏற ஏறப் பனி உருகுவது கூடும். அதனால் காலையில் ஓரளவு தெளிந்திருக்கும் நீர் மாலையில் பால்போல் கலங்கிவிடுகிறது. வினிகரில் கரையாத அந்தப் பாறை மாவுதான் நுண்துளைகளை அடைத்திருக்கிறது.

கைகொடுத்தது படிகாரம். லிட்டருக்கு ஒரு சிட்டிகைத் தூள் போட்டுக் கலக்கி, அசைக்காமல் வைத்தேன். மாவு திரண்டு அடியில் இறங்கியது. மேல்நீரை மட்டும் மெல்லச் சாய்த்து வடிகட்டினேன், தடையில்லாமல் ஓடியது. அப்பாடா என்றிருந்தது!

படிகாரம் எல்லாக் கிருமிகளையும் நீக்கிவிடாது, எனவே வடிகட்டியே தீர வேண்டும். வடிகட்டியைப் பின்பக்கமாகக் கழுவுவதற்கும் ஆற்று நீர் ஆகாது; பாதையைக் குறுக்கிடும் தெளிந்த சிற்றோடைகளில் ஒரு பாட்டில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.