பிரசவித்த பெண்ணுக்குத் தலைவலியா? "நீர் கோத்திருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்

பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகிறது. தலை வலிக்கிறது என்கிறாள். "தலைக்கு ஊத்தினோம்ல, நீர் கோத்திருக்கும்" என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்கிறோம். முதல் தவறு இதுதான். படுத்தால், இருமினால் வலி கூடுகிறதா, வாந்தி வருகிறதா, பார்வை மங்குகிறதா? மூளையின் சிரையில் ரத்தம் உறைந்து அடைக்கும் நோயாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வலிப்பு வந்தால் 108. ஜன்னி என்று வேப்பிலை அடிக்க நேரமில்லை.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோவது தமனி, திரும்ப எடுத்து வருவது சிரை. சிரையில் ரத்தம் உறைந்து அடைத்தால், போக வழியில்லாமல் தேங்கி, அழுத்தம் ஏறி, சின்னக் குழாய்கள் கசிந்துவிடும். இந்த நோயில் மூளைக்குள் ரத்தக்கசிவு வருவது இப்படித்தான்.

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை ரத்தம் சுலபமாக உறையும். இந்த நேரத்தில் போய் "பச்சை உடம்பு, வயிறு பெருத்துடும்" என்று தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகத்தில் பத்தியமா! உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து இன்னும் கூடும். பிரசவிக்காதவர்களுக்கும் இந்த நோய் வரலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கோயில், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடக் கடையில் தானாக மாத்திரை வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும்.

சாதாரண சிடி ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். அதில் அடைப்பு தெரியாமல் போகலாம். சிரைகளைக் காட்டும் வீனோகிராம் தேவையா என்று கேளுங்கள்.

அப்புறம், சொந்தக்காரர்கள் டாக்டரோடு சண்டைக்குப் போகிற இடம் ஒன்று உண்டு. "தலைக்குள்ள ரத்தம் கசியுதுங்கிறீங்க, அதுக்கு ரத்தத்தை இளக்குற ஊசியா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. மற்ற மூளைக் கசிவுகளில் அந்த மருந்தை நிறுத்தத்தான் செய்வார்கள். இங்கே கசிவுக்குக் காரணமே அடைப்பு. அது வளராமல் தடுத்தால்தான் அழுத்தம் குறையும். அதனால் கசிவு இருந்தாலும் பெரும்பாலும் ஹெப்பரின் என்ற அந்த ஊசியைக் கொடுப்பார்கள். பயந்து மறுத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சில மாதங்கள் தொடரும். தலைவலி போய்விட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். அது வார்ஃபரின் என்ற மாத்திரை என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கீரை இந்த மருந்தின் வேலையை மாற்றும், அதனால் கீரையை ஒரு வாரம் தினமும், மறுவாரம் அறவே இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேண்டாம், கசிவு அதிகமாகலாம். வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். ஆனால் அது வயிற்றில் வளரும் கருவைப் பாதிக்கும். அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.