பரீயா பள்ளத்தாக்கில் பல நாள் நடையும் முகாமும்: ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்து அரிசோனாவில் கொலராடோ ஆற்றோடு கலக்கும் பரீயா ஆறு, பாலைநிலத்தின் மணற்பாறையை அறுத்து ஆழமான பள்ளத்தாக்கை உருவாக்கியிருக்கிறது. ஒயிட் ஹவுஸ் என்னும் தொடக்க இடத்திலிருந்து, கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள லீஸ் ஃபெரி வரை ஏறத்தாழ 61 கிலோமீட்டர் தொலைவை நான்கு அல்லது ஐந்து நாட்களில் நடந்து கடக்கலாம். வழியில் ஊரோ கடையோ கிடையாது. பெரும்பகுதி ஆற்றுப்படுகையிலேயே, பலமுறை தண்ணீருக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும். எந்த மாதம் புறப்படுவது, எங்கே படுப்பது, எப்போது திரும்பிவிடுவது ஆகிய எல்லாவற்றையும் இங்கே தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

ஏப்ரல், மே, அக்டோபர் ஆகியவை ஏற்ற மாதங்கள். ஜூன் மாத வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை கோடைப் பருவமழைக் காலம்; அப்போது செல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பதை நம்பி இறங்குவதே மிகப் பெரிய ஆபத்து. பரீயாவின் தலைநீர்ப் பகுதி யூட்டாவின் பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவை ஒட்டிய உயர்நிலத்தில் இருக்கிறது. அங்கே கொட்டும் மழை, மண்ணுக்குள் இறங்காமல் வெறும் பாறைமீது வழிந்தோடி, சில மணி நேரத்தில் குறுகிய இடுக்குகளைக் காட்டாறாக வந்தடையும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் உயிரிழந்ததும் தொலைவில் பெய்த மழை கொண்டுவந்த வெள்ளத்தில்தான். ஆகவே பள்ளத்தாக்குக்கான வானிலை அறிவிப்போடு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்குமான அறிவிப்பையும் பார்த்து, மழைக்கான வாய்ப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். உள்ளே இருக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சுள்ளிகளும் நுரையும் மிதந்து வந்தாலோ, மேலே இருந்து உறுமல் போன்ற ஓசை கேட்டாலோ, பொருட்களைப் பற்றி யோசிக்காமல் உடனே மேட்டில் ஏறிவிட வேண்டும்.

இரவு தங்குவதற்கு அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வேண்டும். நாளொன்றுக்கு 20 பேர் வரை மட்டுமே அனுமதி என்பதால் அது விரைவில் தீர்ந்துவிடும். ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் செல்லக் கூடாது. தொடங்கும் இடமும் முடியும் இடமும் வெகுதொலைவு என்பதால் வாகனத்துக்கும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். முதன்முறை செல்பவர்கள் பக்ஸ்கின் கல்ச் என்னும் கிளைப் பள்ளத்தாக்கு வழியாக நுழைவதைத் தவிர்ப்பது நல்லது. அது மிக நீளமான, மிகக் குறுகலான இடுக்கு. வெள்ளம் வந்தால் ஏறித் தப்ப அங்கே இடமே அரிது.

குடிநீர் விஷயத்தில் ஆற்றை நம்ப வேண்டாம். பரீயா எப்போதும் வண்டலைச் சுமந்து ஓடுவதால் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும். கலங்கிய நீரில் புற ஊதாக் கதிர்க் கருவியும் சரியாக வேலை செய்யாது. பாறைச் சுவர்களிலிருந்து கசியும் ஊற்றுகளே சிறந்தவை. அவை எங்கே உள்ளன என்பதை வரைபடத்தில் குறித்துக்கொள்வதோடு, அண்மைய நிலவரத்தை வனக்காவலர்களிடம் கேட்டறிய வேண்டும். ஊற்று நீரையும் வடிகட்டியோ, ஒரு நிமிடம் கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும். ஆற்றுநீரே கதி என்றானால், மடக்கு வாளியில் மொண்டு, சிறிது படிகாரம் கலந்து, இரவெல்லாம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுத்து வடிகட்டலாம். ஒருவருக்கு நாளைக்கு நான்கு லிட்டராவது தேவை. வெயில் கூடினால் இன்னும் அதிகம். வெறும் தண்ணீரை மட்டும் ஓயாமல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் குழப்பமும் வரக்கூடும் என்பதால், உப்பிட்ட தின்பண்டங்களையும் உடன் உண்ண வேண்டும்.

கூடாரம் போடும் முன் சுவர்களை நிமிர்ந்து பார்க்க வேண்டும். பாறை வெடிப்புகளில் செருகி நிற்கும் மரக்கட்டைகளும் காய்ந்த சேற்றுக் கோடுகளும் பழைய வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதைக் காட்டும். முதிர்ந்த காட்டன்வுட் மரங்கள் நிற்கும் மேட்டுத் திட்டுகள் ஓரளவு பாதுகாப்பானவை. இருட்டிலும் அதைவிட உயரத்துக்கு ஏற வழி உண்டா என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்து வைக்க வேண்டும். தீ மூட்ட அனுமதி இல்லை. சிறிய எரிவாயு அடுப்பில்தான் சமைக்க வேண்டும். மலத்தையும் அதற்கென உள்ள கழிவுப் பையில் கட்டி வெளியே எடுத்து வர வேண்டும் என்பது விதி. இது சிலருக்கு அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் இவ்வளவு குறுகிய இடத்தில் புதைப்பது அத்தனையும் அடுத்த வெள்ளத்தில் ஆற்றுக்கே வந்து சேரும். படுகையை விட்டு விலகும்போது கருமையாகப் பொருக்குத் தட்டியிருக்கும் மண்ணை மிதிக்கலாகாது. நுண்ணுயிர்களால் ஆன அந்த உயிர்ப்படலம் ஒருமுறை உடைந்தால் மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நாள் முழுதும் ஈரத்தில் நடப்பதால் நீர் வடியும் காலணியும் தடித்த காலுறையும் அணிவது நல்லது. முகாமில் மாற்றிக்கொள்ள உலர்ந்த காலுறைகளைத் தனியே நீர்புகாப் பையில் வைத்திருக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு புதைமணல் மிகுந்திருக்கும். அது ஆளை முழுதாக விழுங்குவதில்லை. முதுகுப்பையைக் கழற்றிவிட்டு, பின்பக்கமாகச் சாய்ந்து, காலை மெல்ல அசைத்து வெளியே எடுக்கலாம். ஊன்றுகோலால் முன்னே குத்திப் பார்த்து நடந்தால் பெரும்பாலும் சிக்காமல் தப்பலாம். வெயில் எட்டாத இடுக்குகளில், வசந்த காலத்திலும் நீர் மிகக் குளிர்ந்திருக்கும். நடுக்கம் தொடங்கினால் நின்று உலர்ந்த உடைக்கு மாற வேண்டும்.

இடுக்குகளில் வானம் ஒரு கீற்றாகவே தெரிவதால் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி பல இடங்களில் செய்தி அனுப்பாது. எனவே பயணத் திட்டத்தையும், எந்த நாள் எந்த நேரம் வரை காத்திருந்து உதவி கோர வேண்டும் என்பதையும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்ல வேண்டும். கடைசிப் பகுதியில் பள்ளத்தாக்கு அகன்று நிழல் குறைந்துவிடும். அங்கே நம்பத்தக்க ஊற்றுகள் இல்லை என்பதால், கடைசி ஊற்றில் எல்லாப் புட்டிகளையும் நிரப்பிக்கொண்டு விடியலுக்கு முன்பே கிளம்ப வேண்டும். லீஸ் ஃபெரியை அடைந்ததும் திட்டத்தை வைத்திருப்பவருக்கு முதலில் தகவல் சொல்லிவிட வேண்டும். அது தவறினால் மீட்புக் குழுவினர் தேவையில்லாமல் பள்ளத்தாக்குக்குள் இறங்க நேரும்.