நன்கொடைப் பெக்கோவின் (மண் வெட்டும் மெசினின்) மணிக்கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

கமக்காரர் அமைப்புகளில் புதிதாகச் செயலாளரானவர்களுக்காக இதை எழுதுகிறேன். இஃபாட் (சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியம்) கடனுதவியில் திருத்திய கிளிநொச்சி இரணைமடுக் குளம் போன்ற பெரிய வேலை என்றால் அளக்கத் தனி ஆட்கள் இருப்பார்கள். வெளிநாட்டு நிதியில் ஊர்க்குளத்து வாய்க்காலுக்குப் பெக்கோ வந்தால் நின்று பார்க்க வேண்டியது நாங்கள்தான்.

முதலில், மெசின் வந்து இறங்கிய அன்றே உடலில் பொருத்திய தகட்டைப் படம் எடுங்கள். அதிலுள்ள அடையாள இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் ஒப்படைப்புப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். கொடை நாட்டின் ஸ்டிக்கரை நம்பவேண்டாம், அதை எந்த மெசினிலும் ஒட்டலாம்.

அடுத்தது றனிங் சாட், அதாவது மெசின் ஓடிய மணியை நாளாந்தம் எழுதும் பதிவு. காலையும் மாலையும் ஏறி மணிமீட்டரை நீங்களே பார்த்து எழுதுங்கள். நான் கொப்பியில் பேனையால்தான் எழுதுவேன். எக்செல்லில் மாற்றினால் தடம் தெரியாது, கொப்பியில் வெட்டித் திருத்தினால் தெரியும்.

மூன்றாவது டீசல் கணக்கு, இந்தப் படியில்தான் நான் ஏமாந்தேன். சிறுபோக அறுவடை முடிந்து ஐப்பசி மழைக்கு முன் 9 நாள் வேலை. மீட்டர் 72 மணி காட்டியது. மணிக்கு 14 லீற்றர்படி 1,008 லீற்றர் டீசல் கொடுத்திருந்தோம். கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியதால் கையெழுத்து வைத்தேன். பிறகு வாய்க்காலை அளந்தால் 300 மீற்றர் நீளம், சராசரி 3 சதுர மீற்றர் வெட்டு: 900 கனமீற்றர் மண்தான். எங்கள் மண்ணில் இந்த அளவு மெசின் மணிக்கு 45 கனமீற்றர் வெட்டும், அப்படியென்றால் 20 மணி வேலை. மிச்சம் 52 மணியும் என்ஜின் சும்மா ஓடியிருக்கிறது. மெசின் நிறுத்தியிருந்த பாலை மரத்தடியில் போய்ப் பார்த்தேன். ஒயில் சொட்டிய கறுப்பு வட்டம் ஒரே இடத்தில் இருந்தது. இரண்டு சங்கிலித் தடங்களுக்கு நடுவில் அறுகம்புல் மிதிபடாமல் நின்றது.

என்ஜின் ஓடினாலே மீட்டர் ஏறும், வாளி அசைய வேண்டியதில்லை. சும்மா ஓடும்போது மணிக்கு 4 லீற்றர் அளவில்தான் எரியும். நாங்கள் கொடுத்ததோ 14. அந்த வித்தியாசம், 500 லீற்றருக்கு மேல், வேறெங்கோ போய்விட்டது. ஆகவே டீசலை மணியோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், வெட்டிய மண்ணோடும் ஒப்பிடுங்கள்.

அதற்கு வேலை தொடங்குமுன்னே 20 மீற்றருக்கு ஒரு குறுக்குவெட்டு அளந்து வையுங்கள். முடிந்தபின் அதே இடங்களில் மறுபடி அளக்க வேண்டும், எனவே முளை அடித்துக் குறியிடுங்கள். டம்பி லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) இரவலாகவாவது வாங்குங்கள். தொலைபேசி ஜிபிஎஸ் காட்டும் உயரம் மீற்றர் கணக்கில் பிழைக்கும், வாய்க்காலுக்கு உதவாது.

பின்சேர்க்கை: மீட்டர் பழுது என்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காலையும் மாலையும் தாங்கியில் டீசல் மட்டத்தை அளவுகோல் விட்டுப் பாருங்கள், வெட்டிய மண்ணை அளப்பதையும் விடவேண்டாம். கொமட்சு மெசினில் கொம்ட்ராக்ஸ் (மெசினின் ஓட்டத்தைத் தானாகப் பதிந்து அனுப்பும் அமைப்பு) இயங்கினால் சும்மா ஓடிய நேரம் தனியாகப் பதிவாகும். அந்த அறிக்கையைத் திட்ட அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள், அடுத்த டீசல் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னே.