முத்துமாலை பரிசு தரப்போகிறீர்களா? முதலில் நீரோட்டத்தைப் பாருங்கள்

ஹைதராபாத்துக்குக் குடிவந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும், சார்மினாரைப் பார்த்த கையோடு பத்தர்கட்டி முத்துக்கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. ஆனால் முதல் பாடம் எனக்கு வருத்தத்தில்தான் கிடைத்தது. இங்கே வந்த புதிதில், தங்கை கல்யாணத்துக்கு ஒரு கடையில் மாலை வாங்கினேன். பெரிய பெரிய மணி, எல்லாம் ஒரே அச்சு, பால் மாதிரி வெள்ளை. இரண்டாம் வருஷம் பொங்கலுக்குப் போனபோது அவள் அதை எடுத்துக் காட்டினாள். துளையைச் சுற்றி மேல்பூச்சு நகப்பாலிஷ் மாதிரி உரிந்து, உள்ளே கண்ணாடி மணி தெரிந்தது. "பரவாயில்லக்கா" என்றாள். என்னால் அப்படி விட முடியவில்லை. அன்றிலிருந்து, துளையைப் பார்க்காமல் ஒரு மாலையும் வாங்கியதில்லை.

கடைக்குள் நுழைவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹைதராபாத்தில் முத்து விளைவதில்லை. நிஜாம் காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்தது. இன்று விற்பதில் பெரும்பகுதி சீனத்து நன்னீர்ப் பண்ணைகளில் வளர்த்த முத்து. இங்கே துளை போட்டு, தரம் பிரித்து, கோர்த்து விற்கிறார்கள். வளர்த்தது என்பதால் அது போலி ஆகிவிடாது. சிப்பிக்குள் உருவான அசல் முத்துதான். ஜப்பானில் மிகிமோட்டோ கோக்கிச்சி 1893-இல் முதன்முதலில் அரை உருண்டை முத்தை வளர்த்துக் காட்டியதிலிருந்து வந்த வழி இது. யாராவது "இது தூத்துக்குடியில் குளித்தெடுத்த முத்து" என்று சொல்லிப் புது மாலையை நீட்டினால் சற்று நிதானியுங்கள். அந்தப் பக்கத்துப் பெரிய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது.

சரி, மாலையைக் கையில் வாங்கிவிட்டீர்கள். கடைக்குள் இருக்கிற மஞ்சள் விளக்கில் பார்க்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் எதுவும் அழகாகத்தான் இருக்கும். நான் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கொண்டுபோவேன். வாசலோரம் பகல் வெளிச்சம் விழுகிற இடத்தில் அதை விரித்து, இரண்டு மூன்று சரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். ஒரு சரத்தை மட்டும் பார்த்தால் நல்லதா சுமாரா என்று கண்ணுக்குப் பிடிபடாது. குனிந்து ஒரு முத்தையே உற்றுப் பாருங்கள். நல்ல முத்தில் வாசல் நிலை, எதிர்க்கடைப் பலகை, உங்கள் தலை எல்லாம் சின்னதாக, விளிம்பு கலையாமல் தெரியும். சுமாரான முத்தில் அதே வாசல் ஒரு வெள்ளைத் திட்டாக இருக்கும். ரொம்ப மட்டமானது சுண்ணாம்பு உருண்டை போல ஒளியே இல்லாமல் கிடக்கும். நம் ஊர்ப் பெரியவர்கள் நீரோட்டம் என்று சொல்வது இதைத்தான். சிப்பி மெல்லிய படலம் படலமாகச் சுரந்து அடுக்கியதிலிருந்து வரும் ஒளி இது.

பணம் கம்மியாக இருந்தால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்பார்கள். அளவை விட்டுக்கொடுங்கள், உருண்டையை விட்டுக்கொடுங்கள், நீரோட்டத்தை மட்டும் விடாதீர்கள். நன்னீர் முத்தில் முழு உருண்டை அபூர்வம், அதனால் விலையும் ஏறும். லேசாக முட்டை வடிவில் இருக்கும் 6 மில்லிமீட்டர் முத்து நல்ல ஒளியோடு இருந்தால், மங்கலான 9 மில்லிமீட்டர் முத்தைவிட அது கழுத்தில் எவ்வளவோ மேல். மேலே ஓரிரண்டு சின்னப் புள்ளி இருந்தாலும் பரவாயில்லை. அது சிப்பியில் பிறந்ததற்கான மச்சம். நூறு மணியும் ஒரு சொட்டுக்கூட மாறாமல் ஒரே மாதிரி இருந்து, விலையும் மலிவாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

போலியைக் கண்டுபிடிக்க நெருப்பு காட்டத் தேவையில்லை. முத்து தீய்ந்து போகும், வேண்டாம். இரண்டு முத்தை ஒன்றோடொன்று மெல்ல உரசிப் பாருங்கள். அசல் லேசாக நறநறக்கும், பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் வழுக்கும். முன்பல்லின் நுனியில் தேய்த்தாலும் அதேதான். ஆனால் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், விற்பனைச் சரக்கு அது. அப்புறம் துளை. ஒரு லென்ஸ் வாங்கி, துளையின் ஓரத்தைப் பாருங்கள். பூச்சு பெயர்ந்து உள்ளே வேறு நிறம் பளபளத்தால் மாலையைக் கீழே வைத்துவிடுங்கள். துளைக்குள் மட்டும் நிறம் திட்டாகத் தேங்கியிருந்தால் சாயம் ஏற்றியது. கறுப்பு நன்னீர் முத்து என்று கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் சாயந்தான். இயற்கையிலேயே கருமையான தஹிதி முத்தின் விலையே வேறு. சாய முத்து வாங்குவது தப்பில்லை, தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறத்துக்கு முன்கையின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். பெறுபவர் நிறத்துக்கு நெருக்கமான ஒருவரைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் சந்தன வெள்ளையும் இளம் பீச் நிறமும் ஒளிவிடும். வெளுத்த நீலவெள்ளை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இது என் அபிப்பிராயம், என் வீட்டுக் கழுத்துகளில் பார்த்தது.

பரிசு என்பதால் பெறுபவர் கூட இருக்க மாட்டார். நீளத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அவர் வழக்கமாகப் போடுகிற சங்கிலியை வீட்டில் யாராவது ஒரு நூலால் அளந்து தரச் சொல்லுங்கள். 16 அங்குலம் கழுத்தை ஒட்டி நிற்கும், பருத்த கழுத்துக்கு இறுக்கும். 18 பெரும்பாலானோருக்குச் சரி. புடவைக்கு மேல் தெரியவேண்டும் என்றால் 22, 24. அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் 24 அங்குலம் எடுத்தேன். தாலிக்கொடியோடு சிக்காமல் தனியாக விழுந்தது.

கோர்வையை அவசரப்படாமல் பாருங்கள். பத்தர்கட்டியில் நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து கோர்ப்பார். பட்டுநூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முத்துக்குப் பின்னும் ஒரு முடிச்சு. ஊசியின் நுனியால் அந்த முடிச்சை முத்தின் வாய்வரை தள்ளிக்கொண்டுபோய் இறுக்குவார். முடிச்சு இருந்தால் முத்தும் முத்தும் உரசாது, நூல் அறுந்தாலும் ஒன்றுதான் விழும், மண்டபம் முழுக்கத் தேட வேண்டியதில்லை. முடிச்சில்லாத சரத்தில் முத்து நன்றாக இருந்தால் வாங்கிக்கொண்டு, முடிச்சுப் போட்டுக் கோர்த்துத் தரச் சொல்லுங்கள். கோர்ப்பதற்கு முன் சரத்தைத் துணிமேல் உருட்டுங்கள். துளை நடுவில் இல்லாத முத்து தள்ளாடும், மாற்றச் சொல்லலாம்.

பில்லில் வெறுமனே "முத்துமாலை" என்று எழுத விடாதீர்கள். வளர்ப்பு நன்னீர் முத்து, இத்தனை மில்லிமீட்டர், சாயம் உண்டா இல்லையா என்று எழுதி வாங்குங்கள். ஹால்மார்க் முத்துக்குக் கிடையாது. கொக்கி தங்கமாகவோ வெள்ளியாகவோ இருந்தால் அதற்கு மட்டும்தான்.

கொடுக்கும்போது ஒரு சின்னக் காகிதத்தில் இதை எழுதி வையுங்கள்: சென்ட், பவுடர், தலைக்கு எண்ணெய் எல்லாம் முடித்த பிறகு கடைசியாக மாலை. கழற்றியதும் மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, துணிப்பையில் படுக்க வைக்கவும். எலுமிச்சை, வினிகர், பல்பொடி எதுவும் படக்கூடாது, புளிப்பு முத்தைக் கரைத்துவிடும். அடிக்கடி போட்டால் வருஷத்துக்கு ஒருமுறை நூலைப் பார்த்து, தளர்ந்திருந்தால் புதிதாகக் கோர்க்கவும்.

இன்னொன்று கேளுங்கள். கோர்த்து மிஞ்சிய அதே தரத்து முத்து இரண்டை ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தரச் சொல்லுங்கள். தங்கைக்கு அடுத்த முறை வாங்கிய மாலையோடு அப்படித்தான் கொடுத்தேன். ஆறு வருஷம் கழித்து அவள் மகள் இழுத்ததில் கொக்கி ஓரத்து முத்து ஒன்று காணாமல் போனபோது, அந்தப் பொட்டலத்திலிருந்துதான் எடுத்துச் சேர்த்தார்கள்.