வேவ் பைலை ஃபிளாக் ஆக்கும்போது விடும் பிழைகள்

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து, வன்னியின் ஊர்க் கோயில் திருவிழாக்களும் ஒவ்வொன்றாக ஓயும்போது, ரெக்கோடர் வைத்திருப்பவர்களின் லப்டொப்பில் இடம் நிரம்பியிருக்கும். இரவு 9 மணிக்குத் தொடங்கி விடிய 5 மணிக்கு மங்களம் பாடும் கூத்து ஒன்று 24 பிட், 48,000 ஹேர்ட்ஸ், ஸ்டீரியோவில், சுருக்காத வேவ் (WAV) பைலாக ஏறத்தாழ 8.3 ஜிபி. ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) ஆக்கினால் அது பெரும்பாலும் பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் அடங்கும். திரும்ப வேவ் ஆக்கினால் ஒலியில் ஒரு பிட்டும் மாறியிருக்காது. 2001 இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் வடிவம் இது. பதிவு கெடுவது பெரும்பாலும் இப்படி மாற்றுவதற்குச் சற்று முன்னரோ பின்னரோ நாம் செய்யும் வேலையால்தான்.

முதலில் பைலின் நீளத்தைப் பாருங்கள். வேவ் பைலின் தலைப்பில், அதாவது பைலின் விபரம் எழுதியிருக்கும் தொடக்கப் பகுதியில், அளவை எழுத 32 பிட் இடமே உண்டு. 4 ஜிபிக்கு மேல் அதில் எழுத முடியாது. மேற்சொன்ன தரத்தில் அது 4 மணி 8 நிமிடம். கூத்து அதற்குள் முடியாது. அதனால் பல ரெக்கோடர்கள் 2 அல்லது 4 ஜிபியில் வெட்டி அடுத்த பைலைத் தொடங்கும். சாதாரண வேவ் ஆகவே வெட்டாமல் எழுதிக்கொண்டு போன பைலில் தலைப்பு எண் பொய்யாகிவிடும். நடு இரவில் பற்றரி இறங்கி நின்ற பதிவிலோ அந்த எண் வெறும் 0 ஆகவே இருக்கக்கூடும். மாற்றும் மென்பொருள் அந்த எண்ணை நம்பினால் சிறு துண்டை மட்டும் எடுத்துவிட்டு நிற்கும். உள்ளே ஒலி முழுவதும் பத்திரமாக இருக்க, ‘பழுதான பைல்’ என்று அழித்துவிடுபவர்களும் உண்டு. ஃபிளாக் கட்டளை நிரலில் (கட்டளையைத் தட்டி ஓட்டும் நிரல்) தலைப்பு அளவைப் பொருட்படுத்தாமல் கடைசிவரை வாசிக்கும் தெரிவு இருக்கிறது. அதைப் போட்டு மாற்றுங்கள். பைலின் வாலில் ஒலியல்லாத தகவல் ஒட்டியிருந்தால் முடிவில் ஒரு ‘டிக்’ கேட்கும். அவ்வளவுதான்.

அடுத்தது 32 பிட் ஃப்ளோட், அதாவது ஒலியின் அளவைத் தசம எண்ணாக எழுதும் முறை. இப்போது வரும் ரெக்கோடர்கள் சில இதில்தான் பதிகின்றன. ஃபிளாக் முழு எண்களை மட்டுமே ஏற்கும். ஃப்ளோட்டை அப்படியே வைத்திருக்க அதனால் இயலாது. கட்டளை நிரல் ஏற்க மறுத்துவிடும், அது நல்லது. வேறு சில மென்பொருள்கள் ஒன்றும் சொல்லாமல் முழு எண்ணாக்கிவிடும். 0 டெசிபெலைத் தாண்டிய மத்தள அடிகள் அத்தனையும் தலை வெட்டுப்பட்டுப் போகும். முதலில் உச்ச அளவைப் பார்த்து, தாண்டியிருந்தால் ஒலியளவை இறக்கி, 24 பிட்டுக்கு மாற்றிய பிறகே ஃபிளாக் ஆக்குங்கள். ஃப்ளோட்டாகவே வைத்திருக்க விரும்பினால் வேவ்பாக் என்ற வடிவம் அதை இழப்பில்லாமல் சுருக்கும்.

எடிட்டருக்குள் திறந்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுப்பதும் மாற்றுவதும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர். ஒடாசிட்டி போன்றவை உள்ளே 32 பிட் ஃப்ளோட்டில் வேலை செய்வன. வெளியே 16 பிட்டாக எழுதும்போது டிதர் (பிட்டைக் குறைக்கும்போது வேண்டுமென்றே சேர்க்கும் இரைச்சல்) போடப்பட்டிருந்தால் மிக மெல்லிய இரைச்சல் சேரும். காதுக்குத் தெரியாது, ஆனால் இழப்பற்ற நகல் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. நேரடியாக மாற்றும் நிரலையே பாவியுங்கள். இடம்பெயர்வுகளில் தப்பிய பழைய கசெட்டுகளைக் கணினிக்கு ஏற்றும்போதும் இதே கவனம் வேண்டும்: இரைச்சல் நீக்காத மூலப் பதிவை முதலில் ஃபிளாக் ஆக்கி ஒதுக்கிவிட்டு, திருத்த வேலைகளை நகலில் செய்யுங்கள். ஒப்பாரியில் மூச்சிழுக்கும் சத்தத்தை இரைச்சல் என்று எடுத்துவிட்டால் திரும்ப வைக்க வழியில்லை.

வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவையும் எம்பி3ஐயும் ஃபிளாக் ஆக்குவதில் பயன் இல்லை. போன ஒலி வராது, பைல்தான் பெருக்கும். எம்4ஏ என்று முடியும் பைலிலும் ஏமாறாதீர்கள். இழப்புள்ள ஏஏசி, இழப்பற்ற ஆப்பிள் வடிவம் இரண்டுக்கும் அதே பின்னொட்டுதான்.

ஃபிளாக்கில் சுருக்க நிலை 0 முதல் 8 வரை உண்டு. எதிலும் ஒலி ஒன்றே. வழமையான 5ஐ விட்டு 8க்குப் போனால் பெரும்பாலும் மிகச் சிறிதளவு இடமே மிஞ்சும், நேரம் கூடும். 5 போதும்.

மிகப் பெரிய பிழை, மாற்றி முடித்த கையோடு வேவை அழிப்பது. சில மென்பொருள்களில் ‘மூலத்தை அழி’ என்ற தெரிவே இருக்கிறது, தொடாதீர்கள். கரண்ட் இடையில் போனால் அரைகுறையாக எழுதிய ஃபிளாக் பைலும் பார்வைக்கு முழுப் பைல் மாதிரியே இருக்கும். மாற்றும்போது ‘வெரிஃபை’ தெரிவைப் போடுங்கள். முடிந்ததும் ‘டெஸ்ட்’ ஓட்டுங்கள். பைலுக்குள் ஒலியின் எம்டி5 கையொப்பம் (ஒலியிலிருந்து கணித்த சரிபார்ப்பு எண்) இருப்பதால் பழுது உடனே தெரியும். ஆனால் அந்தக் கையொப்பம் உள்ளே போனதற்கு மட்டுமே சாட்சி. வேவ் பாதியில் வாசிக்கப்பட்டிருந்தால் அந்தப் பாதி சரி என்றே சொல்லும். ஆகவே இரண்டின் மணி, நிமிடம், செக்கனையும் ஒப்பிடுங்கள். ஃபூபார்2000 என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளில் இரண்டையும் பிட் பிட்டாக ஒப்பிடும் கூறு ஒன்றைச் சேர்க்கலாம். பெரிய தொகுப்பென்றால் அதுதான் நிம்மதி.

பதிந்த நேரம், குறியிட்ட இடங்கள் போன்றவை வேவ் பைலின் தனித் துண்டுகளில் இருக்கும். மாற்றும்போது அந்நிய மேற்தகவலைக் காக்கும் தெரிவைப் போடாவிட்டால் அவை உதிர்ந்துவிடும். ஊர், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார், திகதி எல்லாவற்றையும் தமிழிலேயே பைலுக்குள் இருக்கும் விபரக் குறிப்பான டாக்கில் எழுதலாம், தடையில்லை. பைலின் பெயரைச் சுருக்கமாக வையுங்கள்: லினக்ஸில் பெயருக்கு 255 பைட் எல்லை, ‘கூத்து’ என்ற ஒரு சொல்லே 18 பைட்.

வான் (வாகனம்) செட்டில் போட்டுக் கேட்க நினைப்பவருக்கு ஃபிளாக்கிலிருந்து எம்பி3 நகல் எடுத்துக் கொடுங்கள். பழைய செட்டுகள் பல ஃபிளாக்கை வாசிக்காது. மெமரி கார்டை ஃபோமற் பண்ணுவது, சோதித்த ஃபிளாக் இரண்டு வேறு ஹாட்டிஸ்க்கில் ஏறிய பிறகு.