மெல்லிய சாம்பிளுக்குச் சத்தம் கூட்டுவது எப்படி? ஒரு மோர்சிங் பதிவை வைத்து

ஃபோனில் பதிந்த மோர்சிங்கைச் சாம்பிளாக (குட்டி ஒலித்துண்டாக) பாட்டுக்குள் போட்டால் தபேலாவுக்கு அடியில் காணாமல் போய்விடுகிறது. டிராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை உச்சிக்கு ஏற்றினாலும் பத்தவில்லை. இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளே போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். (பதிவு எம்4ஏ ஃபைலாக இருந்தால், விண்டோஸில் அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.)

ஃபேடரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பாட்டைச் சேர்க்கும் ரீப்பர் மென்பொருளில், டிராக்கின் பிளகின்களைத் (ஒலியை மாற்றும் துணைக்கருவிகளை) தாண்டித்தான் ஃபேடர் வருகிறது. அதை எவ்வளவு ஏற்றினாலும் கம்ப்ரஸருக்குள் (பெரிய சத்தத்தை அடக்கும் பிளகின்) போவது அதே மெல்லிய சத்தம்தான், அது வேலையைத் தொடங்கும் அளவான த்ரெஷோல்டை எட்டவே எட்டாது. சாம்பிளிலேயே சத்தத்தைக் கூட்ட வேண்டும்.

படி 1: ஆடாசிட்டியில் திறந்து, முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை வெட்டுங்கள். ஆனால் வாசிப்பே இல்லாத ஒரு விநாடியை விட்டுவையுங்கள், பிறகு வேண்டும்.

படி 2: இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நேராக நார்மலைஸுக்குப் (உச்சியைச் சொன்ன அளவுக்குக் கொண்டுவரும் கட்டளை) போய் -1 என்று கொடுத்தால் சத்தம் ஏறின மாதிரியே இருக்காது, மென்பொருள் கோளாறோ என்று தோன்றும். அலையை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மோர்சிங் -28 டெசிபலில் தவழ்ந்துகொண்டிருக்கும் (0தான் உச்ச அளவு). ஃபோனில் விரல் பட்ட இடத்தில் மட்டும் ஒற்றை முள் -4 வரை நீட்டிக்கொண்டு நிற்கும். நார்மலைஸ் பார்ப்பது அந்த முள்ளின் உச்சியை மட்டும்தான். -4ஐ -1க்குக் கொண்டுவர 3 டெசிபல் போதும், மோர்சிங்குக்கும் அந்த 3தான் கிடைக்கும்.

முள் வாசிப்புக்கு வெளியே இருந்தால் வெட்டி எறியுங்கள். வாசிப்பின் நடுவே இருந்தால், அதை மட்டும் தேர்ந்து, பழுதான துண்டைச் சரிசெய்யும் ரிப்பேர் கட்டளையைக் கொடுங்கள். ரிப்பேர் ஒரு தடவைக்கு 128 சாம்பிள்புள்ளிகள் வரைதான் ஏற்கும், அதாவது விநாடிக்கு 44,100 புள்ளிகள் என்ற வேகத்தில் 3 மில்லிவிநாடிகூட இல்லை. முள் அதைவிட அகலம் என்றால், அந்தத் துண்டுக்கு மட்டும் ஆம்ப்ளிஃபையில் (சொன்ன டெசிபல் அளவு சத்தத்தை ஏற்றி இறக்கும் கட்டளை) -24 போட்டு அடக்குங்கள்.

படி 3: இப்போது நார்மலைஸ். நான் -6 வைப்பேன். மற்ற வாத்தியங்களோடு சேரும்போது மேலே இடம் வேண்டும். டிசி ஆஃப்செட்டை (அலை நடுக்கோட்டைவிட்டு விலகி நிற்பதை) நீக்கும் டிக் இருக்கட்டும். ஸ்டீரியோ சேனல்களைத் தனித்தனியே ஏற்றும் டிக் வேண்டாம், வாத்தியம் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடும்.

படி 4: மோர்சிங் 22 டெசிபல் ஏறினால் ஃபேன் இரைச்சலும் அதே 22 ஏறும். -70ல் கிடந்தது -48க்கு வந்து நிற்கும். மிச்சம் வைத்த ஒரு விநாடியைத் தேர்ந்து நாய்ஸ் ப்ரொஃபைல் (இரைச்சலின் மாதிரி) எடுத்து, இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை 6 டெசிபலில் ஆரம்பியுங்கள். 12க்கு மேல் போனால் மோர்சிங்கின் கார்வையையும் (நீளும் ஒலியையும்) சேர்த்துத் தின்றுவிடும். அதற்கு லேசான இரைச்சலே மேல். தபேலா வந்தால் அது யார் காதில் விழப்போகிறது?

அப்புறம், 24 பிட் வேவ் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எம்பி3 வேண்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை: மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று தட்டுகளைத் தனித்தனி டிராக்கில் பதிந்து, மூன்றையும் நார்மலைஸ் செய்ததும் எல்லாம் ஒரே சத்தமாகிவிட்டது என்று ஒருவர் கேட்டிருந்தார். நார்மலைஸ் ஒவ்வொரு டிராக்கையும் தனியாகத்தான் பார்க்கும். மூன்றையும் சேர்த்துத் தேர்ந்து ஆம்ப்ளிஃபை கொடுங்கள். எல்லாம் ஒரே அளவு ஏறும், மெதுவான தட்டு மெதுவாகவே இருக்கும்.